உன் பங்குக் குட்டி

அக்கா,

இன்று விடியற்காலையிலும் அந்தச் சத்தம் கேட்டது. ஈன்ற ஆடு வாயைத் திறக்காமல் தொண்டைக்குள்ளேயே உருட்டுமே, அதுதான். அப்போது பிறந்த குட்டியிடம்தான் ஆடு அப்படிப் பேசும். நம் வெள்ளச்சியோ இன்னும் ஈனவில்லை.

முதல் நாள் கேட்டபோது எழுந்து போய்ப் பார்த்தேன். பின்பக்கக் கொட்டகையில் கட்டியபடி அது அசைபோட்டுக்கொண்டிருந்தது. சத்தம் வந்தது அடுத்த வீட்டிலிருந்து, உன் வாசல் பக்கமிருந்து. நீ போனபின் பூட்டிய வீடு. எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் படியெல்லாம் படிந்து கிடக்கிறது. நீ மீன் கூடையை இறக்கிவிட்டு உட்காரும் இடத்தில் மட்டும் துடைத்துவிட்டது போலிருந்தது. பயந்துதான் போனேன், அக்கா. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

வெள்ளச்சியை வாங்கியது நீ, வளர்ப்பது நான். முதல் குட்டி எனக்கு, அடுத்தது உனக்கு என்று பேச்சு. என் குட்டி பிறந்து துள்ளிய நாளிலிருந்தே நீ ஆரம்பித்துவிட்டாய்.

"கிடாவாண்ட இட்டுகினு போலாண்டி. என் குட்டி எப்போ வர்றது?"

"இப்பத்தானேக்கா ஈனிச்சு. பால் குடுத்துகினு கீது. இன்னா அவசரம்?"

"எனக்கு அவசரம்" என்று சிரித்தாய். பெரியாஸ்பத்திரிக்கு நீ போய்வந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அங்கே என்ன சொன்னார்கள் என்று நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அதற்குமேல் உன்னிடம் எப்படி மறுப்பது?

அந்தச் சாம்பலைக் கொண்டுபோகும் பெரிய குழாய்களுக்கு அடியில் கட்டியிருக்கும் கறிக்கடை பாயின் கிடாவிடம் கூட்டிப்போனோம். வெள்ளச்சி நின்று கொடுத்தது. நீ அன்றே உன் குட்டிக்கென்று நீல வலைநூலில் கழுத்துக்கயிறு பின்னத் தொடங்கினாய்.

மூன்றாவது வாரம் அந்தப் பக்கம் மேய்த்துக்கொண்டு போனோம். கிடா கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து வெள்ளச்சியின் பின்னால் மோந்தது. தலையைத் தூக்கி, மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு நின்றது. பாய் பார்த்துவிட்டு, "சினை நிக்கலம்மா. மறுபடியும் பருவத்துக்கு வந்துட்ச்சு" என்றார்.

உன் முகம் வெளுத்துவிட்டது. "ரத்தம் இல்ல, ஒண்ணுமில்ல. உள்ள கீறது எங்கடி போச்சு?"

கால்நடை டாக்டரிடம் கேட்டேன். ஈன்ற கையோடு சேர்த்தால் கர்ப்பப்பை ஆறியிருக்காது, கரு ஒட்டாமல் உள்ளேயே கரைந்துவிடும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்றார். உன்னிடம் வந்து சொன்னேன். நீ வெள்ளச்சியின் வயிற்றில் காதை வைத்து வெகுநேரம் இருந்தாய். பிறகு, "இன்னொரு தபா பாக்கலாண்டி" என்றாய்.

அதுவும் நிற்கவில்லை. கிடா மறுபடி உதட்டைச் சுருட்டியபோது நீ ஆட்டைப் பார்க்கவில்லை. "வந்து வந்து பாத்துட்டு திரும்பிப் போவுது. வாசல் தெரியலியோ இன்னாவோ" என்றாய். அடுத்த பருவம் வருவதற்குள் நீ போய்ச்சேர்ந்துவிட்டாய். பாதி பின்னிய கயிறு உன் தலையணைக்கு அடியில் இருந்தது.

அதன்பின் நான் அவசரப்படவில்லை. என் குட்டி பால் மறந்து, வெள்ளச்சிக்கு முதுகில் சதை பிடிக்கும்வரை காத்திருந்துதான் கிடாவிடம் கூட்டிப்போனேன். மூன்றாவது வாரம் கிடா மோந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. சினை நின்றுவிட்டது, அக்கா. அந்தக் குழாய்களுக்கு அடியிலேயே உட்கார்ந்து அழுதேன். நீ இதைப் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது வயிறு இறங்கி, மடி கட்டியிருக்கிறது. மீதிக் கயிற்றை நான் பின்னி முடித்துவிட்டேன்; என் முடிச்சைப் பார்த்தால் நீ கேலி செய்வாய். பிறக்கப்போவது உன் பங்கு. அதில் எனக்கு இரண்டு பேச்சு கிடையாது.

சத்தம் மட்டும் தினமும் கேட்கிறது. இப்போதெல்லாம் எழுந்துபோய்ப் பார்ப்பதில்லை. படுத்தபடியே, "வருதுக்கா, இந்த தபா வருது" என்கிறேன்.

சத்தம் நின்றுவிடுகிறது.