மறியலுக்கு ஓர் ஆள்

புரட்டாசி 9, வியாழன்

காலையில் நன்னிலம் சாலை மறியலில் மைக்கைப் பிடித்து, வெளிநாட்டு அரிசியை இறக்கினால் உள்ளூர்க்காரன் சாவான் என்று தொண்டை கிழியக் கத்தினேன். மதியம் வயலுக்குப் போனபோது வடநாட்டு ஆட்கள் பாதி நடவை முடித்திருந்தார்கள். நான்தான் வரவழைத்தேன். நம் ஊர்ப் பெண்கள் உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் ஓய்வு வேண்டுமென்று உரிமை பேசினார்கள். இப்போது நன்றாக ஓய்வெடுக்கட்டும்.

இருபது வருஷமாக என் வயலில் நட்ட செல்வி வரப்பில் நின்றாள்.

"வெளி அரிசி கூடாதுன்னு மைக்ல சொன்னீங்க. வெளி ஆளு மட்டும் ஆகுமாங்க?"

"நெல்லு வேற, நீ வேற."

அவள் பார்த்த பார்வை இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. சனியன்.

நாளைக்கும் மறியல் இருக்கிறது. முன்வரிசையில் பெண்களைப் போலீஸ் இழுத்தால்தான் டிவிக்காரன் படமெடுப்பான். "காலையில வந்துடு" என்றேன். தலையாட்டினாள். வராமல் என்ன, இனி வீட்டில் சும்மாதானே இருப்பாள்.