மயில்கழுத்துக் கிட்டாரில் ஒரு துளை

தம்பி,

இன்று காலை உன் கிட்டாரின் உறையைத் திறந்தேன். கம்பியின் இரும்பு வாசனையோடு உன் வியர்வை வாசனையும் கலந்து வந்தது. தோளில் மாட்டும் வாரை நான் துவைக்கவில்லை. இந்த வீட்டில் வேறு யாராவது துவைத்துப் பார்க்கட்டும், அப்புறம் இருக்கிறது அவர்களுக்கு.

பெங்களூர் வேலையில் சேர்த்த பணத்தையெல்லாம் போட்டு நீ இதை வாங்கி வந்தபோது நான் முதலில் பார்த்தது நிறத்தைத்தான். மயில்கழுத்து. நிழலில் பச்சை, வெயிலில் நீலம். கள்ளக்குறிச்சியில் கிறிஸ்துமஸ் புடவைக்காகக் கடை கடையாக ஏறி இறங்கியும் எனக்குக் கிடைக்காத நிறத்தை ஒரு மரக்கட்டையில் பூசியிருந்தார்கள். எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. உலகம் முழுவதற்கும் கொஞ்சம்தான் செய்தார்களாம். இது எத்தனையாவது என்று பின்பக்கத் தகட்டில் எண் அடித்திருந்தது. அந்தக் கொஞ்சத்தில் இடது கைக்காரர்களுக்கு என்று ஒன்றுகூடச் செய்யவில்லை. அது தெரிந்தேதான் வாங்கினாய்.

உன் இடது கை இந்த வீட்டில் வாங்கிய அடி கொஞ்சமா? சோற்றில் வைத்தால் அடி, பேனா பிடித்தால் அடி. சர்ச்சில் காணிக்கைப் பையில் நீ இடது கையால் காசு போடப்போனபோது அப்பா எல்லோர் முன்னாலும் உன் கையைத் தட்டிவிட்டார். "பீச்சாங்கையால கர்த்தருக்குக் குடுப்பியாடா?" என்றார். சாப்பிடவும் எழுதவும் வலது கைக்கு நீ மாறிக்கொண்டாய். கிட்டாருக்கு மட்டும் மாறவில்லை.

வாங்கி வந்த மறுநாளே டிரில் மிஷினை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாய். கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தால் கழுத்துக்கு இருபக்கமும் நீளும் கொம்புகளில் வார் மாட்டும் குமிழ் தப்பான கொம்பில் இருக்கிறது, மற்றக் கொம்பில் துளை போடவேண்டும் என்றாய். அப்பா ஓடி வந்தார்.

"இன்னாடா பண்ணிக்கினு இருக்க? புதுப் பொருள்ல எவனாவது ஓட்ட போடுவானா?"

"சோத்துக் கை ஆளுக்குன்னு செஞ்சதுப்பா இது. இத்தன வருஷம் நான் மாத்திக்கினேன். ஒருவாட்டி இது மாறட்டும்."

நீ துளை போட்டாய். கம்பிகளை இடம் மாற்றி மாட்டினாய், அவை அமரும் வெள்ளைக் கட்டையைப் புதிதாக அறுத்து வைத்தாய்.

திருப்பியதில் ஓசையே மாறிப்போனது. கம்பிகளுக்கு அடியில் சாய்வாகப் பதித்திருந்த, ஓசையை வாங்கும் பிக்கப்பின் சாய்வு எதிர்ப்பக்கமாகிவிட்டதால் தடித்த கம்பி கறாராகப் பேசியது, மெல்லிய கம்பி குழைந்தது. கீழே இருக்கவேண்டிய வால்யூம் திருகு மேலே வந்து உன் முன்கையில் உரசிக்கொண்டே இருந்தது. முதலில் அது தொல்லை. பிறகு நீ வேண்டுமென்றே உரசித் திருகைச் சுழற்றினாய். ஒவ்வொரு சுரமும் ஒன்றுமில்லாமல் தொடங்கி மெதுவாக ஏறி வந்தது. வெள்ளிமலையில் ஒரு கல்யாணத்தில் நீ அப்படி வாசித்தபோது பந்தியில் இருந்தவர்கள் இலையை விட்டு எழுந்து வந்தார்கள். ஒரு பெரியவர், "இன்னாப்பா, கையி மாறிக்கினு கீதே?" என்றார். "கையி சரியாத்தாங்க இருக்குது. கிட்டாருதான் மாறி வந்துடுச்சி" என்றாய். எனக்கு அன்று தலைகால் புரியாத பெருமை.

நீ லாரியில் அடிபட்டுப் போன பிறகு கிட்டார் சுவரில் தொங்கியது. அப்பா அந்த அறைக்குள் போவதையே விட்டுவிட்டார். போன வருடம் பெங்களூரிலிருந்து ஒருவர் தேடி வந்தார். அபூர்வமான கிட்டார்களை வாங்கிச் சேர்ப்பவராம். தகட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, துளையைப் பார்த்ததும் சுருங்கியது.

"இப்படிக் கெடுத்து வச்சிருக்காரேம்மா. பரவாயில்ல. துளைய அடைச்சு, பெயின்ட் அடிச்சு, கம்பியத் திருப்பி மாட்டிட்டா ஒரிஜினலா ஆயிடும். துளை இருந்த எடமே தெரியாது."

"தெரியணும் சார்" என்றேன்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "வூட்ல சும்மாதான கெடக்குது. அரும தெரிஞ்சவங்க கைக்குப் போவட்டும்."

அவருக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை, அவ்வளவுதான். எனக்கு அது புரிந்தது. ஆனாலும் விடமுடியுமா? நீ இந்த உலகத்தில் உன் வசதிக்கு மாற்றிக்கொண்டது இந்த ஒரு பொருளைத்தான். அதையும் பழையபடி ஆக்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்களாம். "சும்மா கெடக்காதுப்பா, நான் வாசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். "உனுக்கு இன்னா தெரியும்?" என்றார். ஒன்றும் தெரியாது என்றேன்.

தம்பி, நான் வலது கைக்காரி. நீ மாற்றி வைத்த கிட்டாரில் வலது கை கம்பியை அழுத்தவேண்டும், இடது கை மீட்டவேண்டும். என் இடது கைக்கு ஒரு தாளத்தை ஒழுங்காகப் போடத் தெரியவில்லை. செல்போன் வீடியோக்களில் வருவதையெல்லாம் கை மாற்றி மாற்றிப் பழகினேன். சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும் பெண் இரக்கப்பட்டு, "கம்பியத் திருப்பி மாட்டிக்கங்கக்கா, ஈசியா வரும்" என்றாள். ஈசியாக வரவேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதுவும் சொல்வதில்லை.

இன்றைக்கு அறுப்புப் பண்டிகை. கரும்பும் மரவள்ளிக் கிழங்கும் குவிந்திருந்த பீடத்தின் பக்கத்தில் நின்று ஒரே ஒரு பாட்டுக்கு வாசித்தேன். நடுச் சரணத்தில் முன்கை திருகில் பட்டு ஓசையே காணாமல் போனது. உனக்கு ஏறி வந்தது எனக்கு இறங்கிப் போனது, என்ன செய்ய? பின்வரிசையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று மறுபடி ஏற்றி, பாட்டை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, "நாலு எடத்துல தப்பு" என்றார். "அஞ்சுப்பா" என்றேன். அவரே எனக்குச் சோறு போட்டார்.

ஆவி பறக்கிற சோறு. பிசையும்போது விரல் சுடவில்லை. அப்போதுதான் கவனித்தேன்: கம்பியை அழுத்தி அழுத்தி என் வலது கை விரல் நுனிகள் நான்கும் காய்த்துத் தடித்திருந்தன. வாசிப்பதை நிறுத்தினால் தோல் பழையபடி மெத்தென்று ஆகிவிடுமாம். நான் நிறுத்தப்போவதில்லை. இந்தக் கையையும் ஒரிஜினலாக ஆக்கித் தருகிறேன் என்று எவனாவது வந்து நிற்கட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா