சுவருக்கு மேல தெரியுற கம்பி

பாட்டு முடியாம காரை விட்டு எறங்க மாட்டேன்னு அடம்பிடிக்கிற என் வீட்டுக்காரருக்கு,

நல்லா இருக்கீங்களான்னு கேக்கத்தான் வாய் வருது. கேட்டா சிரிப்பீங்க. அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன். உங்க காருக்குப் புது ஆன்டெனா போட்டாச்சு. ரேடியோவைப் போட்டா தானா மேல ஏறி, நிறுத்துனா தானா உள்ள இறங்குமே, அதே மாதிரிக் கம்பிதான். நான் வேண்டாம்னுதான் சொன்னேன். இந்த வீட்ல என் பேச்சு என்னைக்கு எடுபட்டிருக்கு?

நம்ம வளர்மதி கோயம்புத்தூர் வேலையை விட்டுட்டு வந்துட்டா. பூண்டிப் பள்ளிக்கூடத்துல டீச்சர் வேலை கிடைச்சிருக்கு. "அம்மாவைத் தனியா விட முடியாதுல்ல"ன்னு பாக்குறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறா. நான் என்னமோ தொட்டில் பிள்ளை மாதிரி! பூண்டிக்கு பஸ்ஸை நம்புனா வெள்ளனே கிளம்பணும், வீடு வந்து சேர இருட்டிரும். அதனால அப்பா காரை நான் எடுத்துக்கிறேன்னா.

நம்ம மலை இங்கிலீஷ் ஸ்கூல்ல இருந்த வெளிநாட்டு வாத்தியாரு ஊருக்குத் திரும்புறப்ப உங்க தலையில கட்டிட்டுப் போன காரு. பூண்டு ஏவாரிக்கு எதுக்குங்க இந்தப் பவுசுன்னு அன்னைக்கே கேட்டேன். நீங்க பின் சீட்ல பூண்டு மூட்டையை அடுக்கிக்கிட்டு, முன்னாடி பாட்டைப் போட்டுக்கிட்டு, மலையில போளூருக்கும் பூண்டிக்கும் மகராசா கணக்கா போயிட்டு வந்தீங்க. இன்னமும் கதவைத் திறந்தா பூண்டு வாசம்தான் மூஞ்சில அடிக்குது. வளர்மதி ஏதோ சென்ட் வாங்கித் தொங்க விட்டா. இப்ப சென்ட் போட்ட பூண்டு வாசம் வருது.

அந்தக் கம்பியை நீங்க கொஞ்சமாவா கொஞ்சுனீங்க? ஒரு ஆயுத பூஜைக்கு அதுக்குச் சந்தனம் வச்சு, கதம்பத்தையும் சுத்தி விட்டீங்க. கும்பிட்டு முடிச்சு ரேடியோவை நிறுத்துனதும் கம்பி பூவையும் இழுத்துக்கிட்டு உள்ள போயி மாட்டிக்கிச்சு. நல்ல வேட்டியோட நீங்க குறடை வச்சு ஒவ்வொரு பூவா பிடுங்குனதைப் பாத்து நான் வயிறு வலிக்கச் சிரிச்சேன். "சிரிடீ, சிரி, சாமி காரியத்துல சிரி"ன்னு கோவிச்சீங்க.

நம்ம வீடு ரோட்டுக்குக் கீழ பள்ளத்துல கெடக்கு. சமையல்கட்டு ஜன்னல்ல நின்னா ரோட்டோரச் சுவரும், அதுக்கு மேல அந்தக் கம்பியும்தான் தெரியும். காரும் தெரியாது, உள்ள இருக்கிற நீங்களும் தெரிய மாட்டீங்க. கம்பி நிக்குதுன்னா வந்துட்டீங்க, பாட்டு இன்னும் முடியலைன்னு அர்த்தம். இறங்குனா நான் டீயை ஊத்த வேண்டியதுதான். பாட்டைப் பாதியில நிறுத்தவே மாட்டீங்க. "பாடிக்கிட்டு இருக்கிறவன் வாயை மூடுற மாதிரிடீ அது"ம்பீங்க. ஆரம்பத்துல மேல வந்து சண்டை போட்டிருக்கேன். அப்புறம் எனக்கும் பழகிப் போச்சு.

அன்னைக்கும் கம்பி வந்து நின்னுச்சு. மதியம் தாண்டி, மலையில மஞ்சுப் பனி இறங்கிக்கிட்டு இருந்த நேரம். டீயைப் போட்டு வச்சேன். கம்பி இறங்கலை. இன்னைக்கு நல்ல பாட்டாப் போடுறான் போலன்னு நினைச்சேன். டீயை மறுபடி சூடு பண்ணேன். மனுஷனுக்குப் பொண்டாட்டியைவிட ரேடியோ பெரிசாப் போச்சுன்னு முணுமுணுத்துக்கிட்டே காய்ஞ்ச துணியை மடிச்சேன். மேல் வீட்டுத் தங்கச்சி ஓடி வந்து "அக்கா, அண்ணன் கூப்பிட்டாப் பேச மாட்டேங்குறாரு"ன்னு கத்துற வரைக்கும் நான் அந்தக் கம்பியைப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நான் ஓடி வந்தப்பவும் ரேடியோ பாடிக்கிட்டு இருந்துச்சு.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தீங்க? நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வீட்டைத் திரும்பிப் பாத்தீங்களா? என்னைக் கூப்பிட்டீங்களா? ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கியிருக்கக் கூடாதா? ஊர்ல குறுக்க வர்ற மாட்டுக்கெல்லாம் அடிப்பீங்களே, எனக்கு ஒரு தடவை அடிக்கக் கூடாதா? கொஞ்சம் முன்னாடியே பாத்திருந்தா பிழைச்சிருப்பாரான்னு டாக்டர்கிட்ட கேட்டேன். "சொல்ல முடியாதும்மா"ன்னார். இல்லைன்னு ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம் அந்தப் புண்ணியவான்.

அதுக்கப்புறம் அந்தக் காரை யாரும் தொடலை. பேட்டரி செத்து, கம்பி மேல நின்னது நின்னபடியே நின்னு போச்சு. தார்ப்பாயைப் போட்டு மூடுனாலும் அதையும் முட்டித் தூக்கிக்கிட்டு நின்னுச்சு. நான் சமையல்கட்டு ஜன்னலுக்குத் திரை தைச்சுப் போட்டேன். கேட்டவங்களுக்குக் குளிர் தாங்கலைன்னு சொன்னேன். இத்தனை வருஷம் தாங்குன குளிர் இப்ப மட்டும் தாங்கலையாக்கும்!

வளர்மதி புது பேட்டரி மாட்டி ரேடியோவைப் போட்டு நிறுத்திப் பாத்தா. உள்ள மோட்டார் கர்ருங்குது, கம்பி அசையலை. மழையிலயும் மஞ்சுலயும் துருப்பிடிச்சு, உள்ள அதை இழுக்கிற பல் வச்ச நைலான் வாரு அறுந்து போச்சாம். மெக்கானிக் செபாஸ்டின் வந்து பாத்துட்டு, "இந்தக் காலத்துல இது எதுக்குக்கா? அறுத்துட்டு ஓட்டையை அடைச்சிரலாம். பாப்பா போன்லயே பாட்டு கேட்டுக்கிரட்டும்"னான். வாயில சக்கரையைப் போடணும் போல இருந்துச்சு எனக்கு. "வெரசா அறுப்பா"ன்னேன். அவதான் விடலை. "அப்பா காரு அப்பா காரு மாதிரியே இருக்கணும்"னு ஒத்தைக் கால்ல நின்னா. ஏன் வேண்டாம்ங்கிறேன்னு நானும் சொல்லலை. எப்படிங்க சொல்றது?

மதுரையில இருந்து புதுக் கம்பி வந்துச்சு. செபாஸ்டினுக்கு வேற சோலி. போன்ல வீடியோவைப் பாத்து அவளே மாட்டுறேன்னு ஸ்பேனரோட இறங்கிட்டா. ஆனா அது ஒத்தை ஆளு வேலை இல்லையாம். ஒருத்தர் வெளிய கம்பியைப் பிடிக்கணும், ஒருத்தர் உள்ள உக்காந்து ரேடியோவைப் போட்டு நிறுத்தணும். "சும்மா வந்து உக்காரும்மா, பட்டனை அமுக்குறதுதானே"ன்னா. உங்க சீட்ல போயி உக்காந்தேன். நீங்க போனப்புறம் அன்னைக்குத்தான் அந்தக் கதவையே தொட்டேன்.

அவ பழைய கம்பியைக் கையால உருவி எடுத்தா. நான் ரேடியோவைப் போட்டதும், உள்ள அறுந்து கெடந்த வாருத் துண்டை மோட்டார் வெளிய தள்ளுச்சு. அவ புதுக் கம்பியோட வாரை உள்ள நுழைச்சுக்கிட்டு, "இப்ப நிறுத்தும்மா, இழுத்துக்கிரும்"னா. பாட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சு. பழைய பாட்டு, உங்களுக்குப் பிடிச்ச மாதிரி. கை பட்டன் மேலதான் இருக்கு, அமுக்க வரலை. "என்னம்மா பண்ற, கை வலிக்குது, நிறுத்து!"ன்னு கத்துறா. நான் கண்ணை மூடிக்கிட்டு அமுக்கிட்டேன். பாட்டு பாதியில நின்னுச்சு. கம்பி சரசரன்னு இறங்கிப் போச்சு. அப்புறம் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு அழுதேங்க. பிள்ளை பயந்து போயி ஓடி வந்தா.

எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஜன்னல், டீ, துணி மடிச்சது, எல்லாம். அவ மூக்கை உறிஞ்சிக்கிட்டு, "இதையெல்லாம் ஏம்மா ஒத்தையா சுமந்துக்கிட்டுக் கெடந்த? வேண்டாம்னா இப்பவே கழட்டிப்புடுறேன்"னு ஸ்பேனரை எடுத்துட்டா. இருக்கட்டும்னேன். "நீ வர்றது எனக்குத் தெரியணும்ல"ன்னேன்.

நேத்து முதல் நாள் பள்ளிக்கூடம் போயிட்டு வந்தா. நான் திரையைக் கழட்டிட்டு நின்னேன். சாயங்காலம் சுவருக்கு மேல கம்பி வந்து நின்னுச்சு. இறங்கலை. எனக்கு உசுரே போயிருச்சு. அடுப்பை அணைச்சுட்டுப் படியேறி ஓடுனேன். உள்ள உக்காந்து தாளம் போட்டுக்கிட்டு இருக்கா, உங்க மக! கண்ணாடியைத் தட்டுனேன். "பாட்டு ஓடுதும்மா"ன்னா. "அது பாட்டுக்கு ஓடட்டும், நீ எறங்குடீ"ன்னேன்.

இனிமே அந்தக் கம்பி மேல நிக்கிறப்ப நான் கீழ நிக்க மாட்டேங்க. முட்டி வலிச்சாலும், மூச்சு வாங்குனாலும், அவ கோவிச்சுக்கிட்டாலும், தினமும் ஏறிப் போயித் தட்டுவேன். உங்களுக்குத் தட்டாத கையை வச்சுக்கிட்டு வேற என்னங்க செய்ய?

உங்க சம்சாரம்,
வளர்மதி அம்மா