கஞ்சி காய்வதற்குள்

பங்குனி 9, ஞாயிறு

விடியும்போதே வெயில். நாட்டாண்மைக்காரர் (நா.கா.) வீட்டுப் பாவுக்கு இன்று கஞ்சி. தறியில் ஏற்றப்போகும் நெடுக்கு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவ இரண்டு பக்கமும் ஆட்கள். யார் வீட்டுப் பாவானாலும் அம்மாபேட்டையில் தெருவே கை கொடுக்கும். பாதியில் அபாயச் சங்கு. குண்டுவீச்சு ஒத்திகைதான். ஓடி ஒளியச் சொல்லிப் போலீஸ்காரர் தொண்டை கிழியக் கத்தினார். ஒருத்தர் நகர வேண்டுமே! இப்போது விட்டால் இழையோடு இழை ஒட்டி அத்தனையும் பாழ்.

"கஞ்சி காயறதுக்குள்ள ஜப்பான்காரன வந்து குண்டு போட்டுட்டுப் போகச் சொல்லுங்க சாமி!" என்றார் நா.கா. தெருவே சிரித்தது. என் சிரிப்புத்தான் பெரிது.

என் சம்சாரம் அலமேலு சிரிக்கவில்லை. அவள் தங்கை செண்பகம், புருஷன் பிள்ளையோடு ரங்கூனில். அங்கே குண்டு விழுந்ததிலிருந்து ஒரு தகவலும் இல்லை. எனக்குப் புத்தி எங்கே போச்சோ.

பங்குனி 11

மண்ணெண்ணெய் இன்றும் இல்லை. உப்பு கிடைத்தது.

சாயங்காலம் மாரியம்மன் கோயிலில் கூட்டம். ஊர் ஜனங்கள் மேல் குண்டு போடுவதைக் கண்டித்துத் தீர்மானம். எழுதும் வேலை என் தலையில் (கையெழுத்து அழகாம்). 'எந்தப் பக்கம் போட்டாலும் பாவம். இரு தரப்பும் சண்டையை நிறுத்த வேண்டும்' என்று எழுதினேன்.

நா.கா. முகம் சுருங்கியது. "ஜப்பான்காரனோட நிறுத்திக்க தம்பி. சர்க்காரையும் சேத்துச் சொன்னா நூல் வராது. தெருவே பட்டினி கெடக்கும்."

"அவங்க ஊர்லயும் தறிக்காரங்க இருப்பாங்களேங்க?"

"இருக்கட்டும். நம்ம தறிக்கு அவனா நூல் தருவான்?"

பேனாவை வைத்துவிட்டு, எழுதிய தாளோடு வந்துவிட்டேன்.

"கோவத்தச் சோத்து மேல காட்டாதீங்க" என்றாள் அலமேலு. ரசம் பிரமாதம். வாயைத் திறந்து சொல்லவில்லை.

பங்குனி 13

கல்கத்தா போய்த் திரும்பிய செவ்வாய்ப்பேட்டை மளிகைக்காரர் வந்தார். "உங்க கொழுந்தியாளும் புள்ளையும் வாராங்க. என் கண்ணாலே பாத்தனுங்க."

"சகலை?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அலமேலு கதவைப் பிடித்தபடி நின்றாள்.

பங்குனி 16, ஞாயிறு

வந்துவிட்டார்கள். செண்பகம் எலும்பும் தோலும். மகள் வள்ளிக்கு ஆறு வயசாம், பார்த்தால் நாலு. அலமேலு இருவருக்கும் எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றினாள். அழுகை, அதட்டல், இன்னும் ஒரு கரண்டி சோறு.

செண்பகம் தானாகவே சொன்னாள்: "அவரு காய் வாங்கப் போனாரு, மாமா. ஏரோப்ளேன் சத்தம். ஓடணும்னு யாருக்குத் தெரியும்? கடைத்தெருவே அண்ணாந்து பாத்துச் சிரிச்சிக்கிட்டு நின்னுதாம்."

தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தேன்.

பங்குனி 18

நா.கா.வின் அடுத்த பாவு. கஞ்சி போட்டு முடியவில்லை, மறுபடியும் சங்கு. யாரும் நகரவில்லை. யாரோ "கஞ்சி காயறதுக்குள்ள..." என்று ஆரம்பித்தான்.

செண்பகம் வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தாள். தலை அவிழ்ந்து கிடந்தது. "உடுங்க! அத உட்டுட்டு ஓடுங்க! அங்கயும் இப்படித்தான் நின்னாங்க!" நா.கா.வின் கையைப் பிடித்து இழுத்தாள்.

முதலில் விட்டவர் அவர்தான். பிறகு எல்லோரும். பாவு புழுதியில் விழுந்தது.

சங்கு ஓய்ந்ததும் செண்பகம் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். "பாவெல்லாம் போச்சுங்களே, ஒத்திகைன்னு தெரியலீங்க" என்று விசும்பினாள்.

"போனாப் போவுது கண்ணு. நூலுதானே" என்றார் நா.கா. கைக்கஞ்சியை வேட்டியில் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, அன்னைக்கு எழுதுனதையே எழுது. ரெண்டு பக்கமும் போடு. மொதக் கையெழுத்து எனக்கு."

வள்ளி சங்குக்குப் பயந்து, நெய்யும்போது கால் விட்டு உட்காரும் தறிக்குழிக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். எத்தனை கூப்பிட்டும் வரவில்லை. கடைசியில் அலமேலுவே கிண்ணத்தோடு குழிக்குள் இறங்கினாள். அந்தப் பருத்த உடம்பு அதில் எப்படித்தான் நுழைந்ததோ! என் தங்கம்.

இரண்டு வாய் வாங்கிக்கொண்டு வள்ளி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பெரியப்பா, இந்த ஊர்ல எப்பக் குண்டு போடுவாங்க?"

தீர்மானத்தை எடுத்தேன். 'நிறுத்த வேண்டும்' என்பதற்கு முன்னால் 'இன்றைக்கே' என்று சேர்த்தேன்.