உன் பகையாளி எழுதுகிறேன்

நேற்றுச் சாயங்காலம் மருமகள், பிள்ளைக்கு வயிற்றில் தடவ விளக்கெண்ணெயை இரும்புக் கரண்டியில் காய வைத்துவிட்டு, போன் வந்ததென்று வாசலுக்குப் போய்விட்டாள். எண்ணெய் கருகி வீடெல்லாம் புகை. ஓடி வந்து அடுப்பை அணைத்தாள், ஜன்னல்களைத் திறந்துவிட்டாள், மாமா நீங்கள் கொஞ்ச நேரம் வெளியே உட்காருங்கள் என்றாள். நான் அடுக்களை வாசலை விட்டு அசையவில்லை. அந்தப் புகை போகக் கூடாது என்று இருந்தது. அது உன் வாசனை.

நம் ரேஸ் மோட்டார் சைக்கிள்களுக்கு விளக்கெண்ணெய்தானே ஊற்றினோம். சாதா ஆயில் அந்தச் சூட்டைத் தாங்காது என்று மதுரையில் எவனோ சொன்னதைக் கேட்டுவந்து நீதான் ஆரம்பித்து வைத்தாய். தென்காசி மளிகைக் கடையில் நீ டின் டின்னாக விளக்கெண்ணெய் வாங்குவதைப் பார்த்துவிட்டு, பாவம், அந்த வீட்டில் ஒருத்தருக்கும் வயிறு சரியில்லை போல என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அதைச் சொல்லிச் சொல்லி நீ சிரிப்பாய். அந்தச் சிரிப்பைக் கேட்டவர்களில் இப்போது மிச்சம் இருப்பது நான் ஒருத்தன்தான் என்று நினைக்கிறேன். அதை வெளியே சொல்லவும் எனக்கு வாய் இல்லை. நான் உன் பகையாளி அல்லவா.

போன மாதம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்னப் பையனிடம் குளத்து ரேஸைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். சித்திரையில் குளம் வற்றியதும் நடுவில் முட்டை வடிவத்தில் பாதை போடுவோம், சுற்றித் தென்னந்தடியில் வேலி, நாலு வண்டி ஒன்றாகக் கிளம்பும், எல்லாத் திருப்பமும் இடது பக்கம்தான், பிரேக்கைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஓட்டுவோம் என்றேன். பிரேக் இல்லாமல் எப்படித் தாத்தா நிற்கும் என்று கேட்டான். பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டு, இடது காலைத் தரையில் உரசிக்கொண்டே திரும்ப வேண்டும் என்றேன். கரை முழுக்க ஆள் நிற்கும், ஆலங்குளத்திலிருந்தும் சிவகிரியிலிருந்தும் வண்டி கட்டி வருவார்கள் என்றேன். அவன் போனை எடுத்துத் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒன்றும் இல்லையே என்று மரியாதையாகச் சொன்னான்.

உன் இடது பூட்ஸுக்கு அடியில் இரும்புத் தகடு அடித்தது ஞாபகம் இருக்கிறதா? கடையத்தில் மாட்டுக்கு லாடம் கட்டுகிற, நம்மை யாரென்று தெரியாத ஒருவரிடம்தான் போனோம். காலைத் தூக்கி அவர் மடியில் வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தாய். மாட்டுக்கு நாலு காலுக்கும் அடிக்கிறேன், உனக்கு ஒரு காலுக்குத்தான், மாட்டை விட நீ மலிவு என்றார் அவர். அந்தத் தகடு தரையில் உரசும்போது வருகிற சத்தம் கரை மேல் நிற்கிறவர்களுக்குப் பல் கூசும். எனக்கு அது எப்போதும் வலது தோளுக்குப் பக்கத்தில் கேட்கும். நீ வெளிப்பக்கமாகத்தான் முந்துவாய்.

பகை எப்படித் தொடங்கியது என்று இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. முதல் வருஷம் திருப்பத்தில் என் ஹேண்டில்பார் உன் முழங்கையில் இடித்துவிட்டது. இறங்கி வந்து என் சட்டையைப் பிடித்தாய். நானும் பிடித்தேன். ஆட்கள் விலக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். மறு வாரம் பார்த்தால் இரண்டு மடங்கு கூட்டம். ஆலங்குளத்து ஆட்கள் எனக்கென்று தனியாக பஸ் பிடித்து வந்திருந்தார்கள், தென்காசி ஆட்கள் உன் பக்கம். ரேஸை நடத்திய காண்டிராக்டர் அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல்.

“ரெண்டு பேரும் இப்படியே மொறச்சுக்கிட்டு இருங்கலே. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்” என்றார்.

நாமும் மொறைத்துக்கொண்டே இருந்தோம், பத்துப் பன்னிரண்டு வருஷம். ஒரு ஊரில் எதிர் எதிரே வந்தால் தெருவை மாற்றுவோம். உன் கல்யாணத்துக்கு நான் வரவில்லை, என் கல்யாணத்துக்கு நீ வரவில்லை. நீ வேலை பார்த்த ரைஸ் மில் வண்டிக்கு டயர் வாங்க என் கடைக்கு வந்தவர்களை, நம் பகையைக் காப்பாற்ற நானே வேறு கடைக்கு அனுப்பியிருக்கிறேன். சினிமாக்காரர்கள் கூட அப்படி நடித்திருக்க மாட்டார்கள். காண்டிராக்டர் அண்ணாச்சியே அதை நிஜம் என்றுதான் நம்பினார். எல்லாம் முடிந்ததும் தனித்தனி பஸ்ஸில் கடையத்துக்குப் போவோம். அங்கே ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் நம்மைத் தெரிந்தவர்கள் கிடையாது. பின்னால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, அடுத்த தடவை எந்தத் திருப்பத்தில் எப்படி முறைப்பது என்று பேசி வைப்போம். என் வாழ்க்கையில் அத்தனை சிரித்த இடம் வேறு இல்லை. உன் மகன் பிறந்ததைக் கூட அந்த பெஞ்சில்தான் சொன்னாய். வந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். “இப்ப வேண்டாம்லே, ரேஸ் முடியட்டும், ஒருநாள் எல்லாத்தையும் சொல்லி ஒன்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்றாய்.

அந்த ஒருநாளுக்காகத்தான் நான் காத்திருந்தேன். உன் வீட்டில் உட்கார்ந்து, இவன் என் கூட்டாளி என்று நீ சொல்வதை உன் மனைவி கேட்க வேண்டும். வேறு பெரிய ஆசை ஒன்றும் எனக்கு அப்போது இல்லை, இப்போதும் இல்லை.

ரேஸ் ஒரேயடியாக முடியவில்லை. முதலில் சிவகிரி ஆட்கள் வருவது நின்றது. பிறகு பெண்கள் கூட்டம். ஐஸ்காரர் வரவில்லை என்றால் அன்றைக்குக் கூட்டம் இல்லை என்று அர்த்தம். அவருக்கு எப்படித்தான் முன்கூட்டியே தெரியுமோ. காண்டிராக்டர் அண்ணாச்சி வீடியோ டெக்கைத் திட்டினார். தெருவுக்குத் தெரு டெக் எடுத்து விடிய விடியப் படம் போட்டார்கள்தான். ஆனால் காரணம் அது மட்டும் இல்லை. எழுபதுகளில் மோட்டார் சைக்கிள் என்பதே வேடிக்கை. ஒரு வண்டி தெருவில் போனால் பிள்ளைகள் பின்னால் ஓடும். எண்பதுகளில் வாத்தியார் வீட்டிலும் வட்டாட்சியர் ஆபீஸ் பியூன் வீட்டிலும் சின்னச் சின்ன வண்டிகள் வந்துவிட்டன. தன் வீட்டு வாசலில் நிற்கிற சாமானைப் பார்க்க எவன் வெயிலில் குளத்துக்கு வருவான்?

உனக்கு அது ஒரே நாளில் உறைத்தது. தென்காசி பஸ் ஸ்டாண்டில் மறதியில் நான் நீ இருந்த டீக்கடை பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்துவிட்டேன். பேச்சும் கொடுத்துவிட்டேன். சட்டென்று நினைவு வந்து எழுந்திருக்கப் போனேன். நீ என் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தாய். சுற்றிலும் ஒரு தடவை பார்த்தாய்.

“ஏலே, நாம பேசிக்கிட்டிருக்கோம். ஒருத்தனும் திரும்பிப் பாக்கலியே” என்றாய்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனால் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டாய். இனி ஒளிய வேண்டாம் என்று எனக்குச் சந்தோஷமாகக் கூட இருந்தது. உனக்கு அப்படி இல்லை என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

சீசன் நேரத்தில் குற்றாலத்தில் வைத்துவிடலாம் என்றது உன் யோசனை. அருவிக்கு வருகிற கூட்டம் எப்படியும் அந்த வழியாகத்தானே போக வேண்டும். காண்டிராக்டர் அண்ணாச்சி தயங்கினார், நான் மழைத்தரை ஆகாது என்றேன். நீ கேட்கவில்லை. ரோட்டோரத்துப் பொட்டலில் பாதை போட்டோம். ஆனி மாதம், மெல்லிய சாரல். செம்மண் மேலாக நனைந்து மினுங்கியது. ரோட்டில் ஆயிரக்கணக்கில் ஜனம், தலையில் எண்ணெய், தோளில் துண்டு, கையில் சோப்பு டப்பா. ஒருத்தராவது நிற்கட்டும் என்று மைக்கில் கத்திக் கத்தி அண்ணாச்சிக்குத் தொண்டை கட்டிவிட்டது. வேலியோரம் குடை பிடித்துக்கொண்டு ஒரு முப்பது பேர் நின்றிருப்பார்கள். மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளையும் சேர்த்தால் கொஞ்சம் கூடுதல்.

கிளம்புவதற்கு முன்னால் நீ என்னிடம் வந்தாய். கடையத்தில் பேசி வைக்காதது அது. நேராக வந்து சட்டையைப் பிடித்து உலுக்கினாய். பட்டன் தெறித்தது. முகத்தில் அத்தனை கோபம். காதோரம் மட்டும் மெதுவாகக் கேட்டாய்:

“திரும்பிப் பாக்கானுவளாலே?”

உன் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். எண்ணெய் வழிய ஒரு குடும்பம் ரோட்டில் நின்றுவிட்டிருந்தது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். பார்க்கிறார்கள் என்றேன். வழுக்குகிறது, பார்த்துப் போ என்றும் சொன்னேன். அது உன் காதில் விழுந்ததா என்று தெரியாது. முதலாவதைக் கேட்டு உன் கண் சிரித்தது, அது எனக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கிறார்களா என்பதுதான் நீ என்னிடம் கடைசியாகக் கேட்ட கேள்வி.

மூன்றாவது சுற்றில் நீ எனக்கு ஒரு சக்கரம் பின்னால் இருந்தாய். வலது தோளோரம் தகடு உரசும் சத்தம் நெருங்கி வந்தது. முந்தப் போகிறாய் என்று நினைத்தேன். சத்தம் அப்படியே அறுந்தது. திரும்பிப் பார்த்தபோது வண்டி வேலியை உடைத்துக்கொண்டு கிடந்தது, நீ கொஞ்சம் தள்ளிக் கிடந்தாய். நீ முந்த வந்தபோது நம் இரண்டு வண்டிக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் இருந்தது. என் வண்டி உன்மேல் படவே இல்லை. ஆனால் குடைக்குள் நின்றவர்கள் பார்த்தது, சட்டையைப் பிடித்துச் சண்டை போட்ட இருவரில் ஒருவன் விழுந்ததைத்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் உன் மச்சினன்மார் என்னை மறித்தார்கள். கொன்றுபோட்டுவிட்டுப் பார்க்க வேறு வருகிறாயா என்று கேட்டார்கள். என்ன சொல்வேன்? நாங்கள் கூட்டாளிகள் என்றால் யார் நம்புவார்கள்? நமக்குச் சாட்சி என்று ஒருத்தன் கூட இல்லாதபடி அத்தனை கச்சிதமாக மறைத்து வைத்திருந்தோமே. மறுநாள் மதியம் நீ போய்விட்டாய் என்று என் கடைக்கு டயர் மாற்ற வந்த ஒருத்தர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். போலீஸ் விசாரித்து விபத்து என்று முடித்துவிட்டார்கள். ஊர் முடிக்கவில்லை.

அதற்குப் பிறகு ரேஸே இல்லை. பாதை போட்ட பொட்டலில் லாட்ஜ் வந்துவிட்டது. அப்படி ஒன்று நடந்தது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆனால் நான் தென்காசிக்கே குடிவந்து இத்தனை வருஷம் கழித்தும், டீக்கடையில் உட்கார்ந்தால் யாராவது ஒருத்தர் இன்னொருத்தரிடம் என்னைக் காட்டி, அந்தக் காலத்தில் ஒரு ஆளைத் தள்ளிக் கொன்றவர் என்று முணுமுணுக்கிறார்கள். எதற்காக, எங்கே என்று அவர்களுக்கே தெரியாது. கூட்டத்துக்காக நாம் செய்த பகை, கூட்டம் போன பிறகும் போகவில்லை. நடக்கும்போது வலது தோளுக்குப் பின்னால் அந்தத் தகட்டுச் சத்தம் கேட்கிறது. நான் திரும்புவதில்லை. திரும்பினால் நீ இருக்க மாட்டாய் என்பது தெரியும், அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

போன ஆடியில் பெரிய கோயில் பிராகாரத்தில் உன் மனைவியைப் பார்த்தேன். வழக்கம்போல விலகி நடந்தேன்.

“அண்ணாச்சி, இங்கன வந்து உக்காருங்க” என்று கூப்பிட்டாள்.

தூணோரமாகப் போய் உட்கார்ந்தேன். இத்தனை வருஷமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்ததெல்லாம் தொண்டைக்கு வந்தது. கடையத்தில் நாங்கள் என்று தொடங்கினேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“எனக்குத் தெரியும் அண்ணாச்சி. அவிய ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சப்பவே சொன்னாவ. அவன் மேல தப்பு இல்ல, அவன் என் கூட்டாளின்னு சொன்னாவ.”

நீ சொல்லியிருக்கிறாய். என்னை உன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகாவிட்டாலும், அதைச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாய். நான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கொஞ்சம் ஆறியதும் கோபம்தான் வந்தது. பிறகு ஏன் ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள்.

“எம்மவனுக்கு அப்ப வெவரம் தெரியாத வயசு. அவனுக்கு அப்பா மொகமே ஞாபகம் இல்ல. உங்க மேல உள்ள கோவத்துலதான் அவன் அப்பாவை நெனைக்குதான். ஆளே இல்லாத பொட்டல்ல, மழையில தானா வழுக்கி விழுந்தாவன்னு நான் எப்படிச் சொல்லுதது? நீங்கதான் இத்தனை வருசம் சுமந்திட்டீங்க. என் காலம் வரைக்கும் அப்படியே இருந்திருங்க அண்ணாச்சி.”

சரி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். உன் பகையாளி என்கிற இந்தப் பெயரைத் தவிர உன்னுடையது என்று என் கையில் எதுவும் இல்லை. அதை நான் இனி யாரிடமும் மறுக்கப் போவதில்லை.

போன வாரம் கடைத்தெருவில் உன் மகன் எதிரே வந்தான். தாடை அப்படியே நீ. தன் மகளின் கையைப் பிடித்திருந்தான், பத்து வயசு இருக்கும். நான் தெருவை மாற்றவில்லை. நின்று, நாம் பழகி வைத்திருந்த அந்த முறைப்பை முறைத்தேன். அவனும் முறைத்தான். யாருப்பா அது என்று அவள் கேட்டாள். “உங்க தாத்தாவை முந்த முடியாமத் தள்ளிவிட்டவரு” என்றான். அப்படின்னா தாத்தாதான் முன்னால போனாவளா என்று கேட்டாள். முன்னாலதான் என்றான். அந்தக் காலத்தில் தாத்தா வண்டியைப் பார்க்கக் குளத்தங்கரை முழுக்க ஆள் நிற்பார்களாம் என்று அவன் சொல்லத் தொடங்கினான். நான் அவர்களைத் தாண்டி நடந்தேன். அவன் குரல் காதில் விழுகிற வரைக்கும் மெதுவாகவே நடந்தேன்.