ரெபேக்காவின் தொண்டையும் உன் ஃபேக்டரும்

அன்பு மகள் இந்துவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், ஜெர்மனிக் குளிரில் நீயும் சுகமாய் இருந்து வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். போனில் சொன்னால் அப்பா நடுவில் பிடுங்கி முடிவை முதலில் சொல்லிவிடுவார், அதனால்தான் கடிதம்.

எதிர்வீட்டு ரெபேக்கா, ஊரிகம் ஸ்டேஷனில் என்னோடு ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வருகிறவள், பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரிப் பேசுகிறவள், அவளுக்குப் போன மாதம் காய்ச்சல், தொண்டை வலி. கழுத்து வீங்கிவிட்டது, தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி ஒன்று படர்ந்திருந்தது. நானும் கூடப் போயிருந்தேன், இங்கே ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்ததுமே டிப்தீரியா, தொண்டை அடைப்பான் மாதிரி இருக்கிறது, கிருமிக்கு ஊசி போட்டுவிட்டேன், விஷமுறிவு மருந்துக்கு உடனே கோலார் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்றார். அவள் வீட்டுக்காரர் பிரேம் அசையவில்லை. "ஊசிதான் போட்டாச்சே, காய்ச்சலும் எறங்கிடுச்சி, இன்னாத்துக்குக்கா கோலாரு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று என்னிடம் சொல்கிறார். கிருமி செத்தாலும் அது கக்கின விஷம் செல்லுக்குள் போய் எலாங்கேஷன் ஃபேக்டரை முடக்கிவிடும் என்று டாக்டரம்மா சொன்னாரே, நீ அங்கே ஆராய்ச்சி செய்கிறது அதைத்தானே, எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அய்யோ, அது எங்க இந்துவோடதாச்சே" என்று கத்தியேவிட்டேன். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அப்படியானால் நீங்களே அவருக்குப் புரியவையுங்கள் என்றார்.

நீ லீவில் வந்தபோது சொன்னதை அப்படியே சொன்னேன். செல்லுக்குள் ரைபோசோம் என்று ஒன்று இருக்கிறது, வந்திருக்கிற செய்தியைப் படித்துப் படித்து அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துப் புரதம் செய்கிறது. ஒரு ஃபேக்டர் சரியான அமினோ அமிலத்தைக் கொண்டுவந்து சேர்க்கும், அது சேர்ந்ததும் இன்னொரு ஃபேக்டர் ரைபோசோமை அடுத்த இடத்துக்கு நகர்த்தும். இந்த விஷம் அந்த நகர்த்துகிறதைத்தான் பிடித்துக் கட்டிவிடும், பாதிப் புரதத்தோடு எல்லாம் நின்றுபோகும், அந்த செல் செத்துவிடும், இதயத்திலும் அப்படித்தான் என்றேன். "வெளியே சுத்திக்கினு இருக்கிற விஷத்தைத்தான் மருந்து புடிக்கும் தம்பி, உள்ளே போயிட்டதை ஒண்ணும் பண்ண முடியாது, அதுக்குத்தான் இப்பவே" என்றேன். பிரேம் வாயைத் திறக்குமுன், பேச முடியாமல் படுத்திருந்த ரெபேக்கா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்துவிட்டாள். நடக்காதே நடக்காதே என்று டாக்டரம்மா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னால் ஓட, பையைத் தூக்கிக்கொண்டு பிரேமும் ஓடினார்.

அன்றைக்கே மருந்து ஏறிவிட்டது. இதயத்தில் கொஞ்சம் தடுமாற்றம் இருந்து நாங்கள் பயந்தோம், பிறகு சரியாகிவிட்டது, இன்னும் தாமதித்திருந்தால் சொல்ல முடியாது என்றார்களாம். எங்கள் லைன் வீடுகளில் எல்லோருக்கும் மாத்திரையும் தடுப்பூசியும் கொடுத்தார்கள், குழந்தைகளை விட அப்பாதான் அதிகம் கத்தினார். ஞாயிற்றுக்கிழமை ரெபேக்கா வீடு திரும்பினாள். குரல் இன்னும் கரகரவென்றுதான் இருக்கிறது, ஆனாலும் வந்ததும் வராததுமாகப் பிரேமை அவள் திட்டியது தெருக்கோடி வரை கேட்டது. அவர் சிரித்துக்கொண்டே நின்றார், எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நீயும் அங்கே பெரியவர்களுக்கான டிப்தீரியா தடுப்பூசியைத் தள்ளிப்போடாமல் போட்டுக்கொள். உடம்பும் மனசும் நன்றாக இருந்து, எடுத்த வேலையை நல்லபடி முடிக்க அம்மா அப்பாவின் ஆசீர்வாதம். மறந்துவிடாதே, உன் ஃபேக்டரின் படம் ஒன்று அனுப்பு. ரெபேக்கா கேட்கிறாள், "நம்மளக் காப்பாத்த உள்ள நிக்காம ஓடிக்கினு இருந்தாங்களே, அந்த ஃபேக்டரு மொகத்தைப் பாக்க வேணாமா?" என்று. ஃபிரிட்ஜ் மேல் ஒட்டப்போகிறாளாம்.

உன் அன்பு அம்மா,
யசோதரா அசோகன்