கபடிக் கேள்விக்கு ஒரு குடம்

ஜனவரி 16, காணும் பொங்கல் இரவு. கிள்ளை.

ஊர்ப் பொங்கல் கபடியில் இரண்டு ஆட்டத்துக்கு நடுவே மைக் பிடிப்பவர் கேள்வி கேட்பார். சரியாகச் சொன்னால் எவர்சில்வர் குடம்.

"ஆசியப் போட்டியில நம்ம டீமுகிட்டேருந்து கபடித் தங்கத்தப் பறிச்ச நாடு எது?"

எழுந்து நின்று கத்தினேன். "இரான்! 2018!"

மைக்கில் அவர் சிரித்தார். "அப்படிப் பறிச்ச நாடே கெடையாதுக்கா. நாம தோத்ததே இல்ல."

கூட்டம் சிரித்தது. எல்லார் கையிலும் போன் இருந்தது. ஒருவரும் தேடிப் பார்க்கவில்லை. "எதுவுமில்ல" என்றவருக்குக் குடம் போனது.

வீட்டுக்கு வரும் வழியில் என் வீட்டுக்காரர் சொன்னார்: "உண்மையாவே இருக்கட்டும். நாம தோத்தத ஊரு முன்னால ஏன் சொல்ற?"

இரானிடம் நாம் தோற்ற அந்த செமி ஃபைனலை டிவியில் பார்த்து அழுதவள் நான்.

நாளை ஊர்க் கபடி ஃபைனல். முன்வரிசையில் உட்காருவேன். குடத்தை யாரோ வைத்துக்கொள்ளட்டும். எனக்கு அந்த மைக் வேண்டும்.